லிம்ஃபெடிமா: யானைக்காலா, நிணநீர்த் தேக்கமா?

ஒற்றைக் கால் மட்டும் வீங்கி வருபவருக்கு முதலில் டாப்ளர் (இரத்த ஓட்டத்தைக் காட்டும் ஒலியலைச் சோதனை) எடுத்து, ஆழ்சிரையில் இரத்தக்கட்டு இல்லையென்று கண்ட பிறகே, அரிதான காரணங்களின் பக்கம் மருத்துவர் திரும்புவார். அவற்றுள் ஒன்று, திசுக்களிலிருந்து வடிய வேண்டிய நிணநீர் சரிவர வடியாமல் தேங்குவதால் வரும் லிம்ஃபெடிமா. அதைச் சென்னையில் கைக்குக் கிடைக்கும் நோயாளர் கையேடுகள் சில ‘யானைக்கால் நோய்’ என்றும், வேறு சில ‘நிணநீர் வீக்கம்’ என்றும் பெயர்க்கின்றன. இரண்டும் பொருந்தா.

‘லிம்ஃபா’ இலத்தீனில் தெளிந்த நீர். ‘ஒய்டேமா’ கிரேக்கத்தில் வீக்கம். நம் ‘நிணம்’ கொழுப்பைக் குறிப்பது. குடலிலிருந்து கொழுப்பைச் சுமந்து செல்வதும் இந்நீரே ஆதலால் ‘நிணநீர்’ பழுதற்ற பெயர்.

‘யானைக்கால்’ தோற்றத்தைக் கொண்டு எழுந்த பெயர். கொசுவழிப் பரவும் ஃபைலேரியாப் புழு நோயின் முற்றிய நிலைக்கு அது தகும். தோற்றப் பெயர்கள் தடுமாற வைக்கும்: கிரேக்கர் ‘எலிஃபன்டியாசிஸ்’ என்றது தொழுநோயை. கருப்பைவாய்ப் புற்றுநோய்க்காக இடுப்பு நிணநீர்க் கணுக்கள் அகற்றப்பட்ட பெண்ணின் கால் சில மாதங்கள் கழித்து வீங்கும்போது, கையேட்டில் ‘யானைக்கால்’ என்று படிக்கும் வீட்டார் கொசுவைத் தேடுவார்கள், இரவு இரத்தப் பரிசோதனைக்கு அலைவார்கள், ஊர் வாய்க்கும் அஞ்சுவார்கள். பிறவியிலேயே நிணநீர்க் குழாய்கள் சரிவர அமையாத குழந்தைக்கும் (மருத்துவர் மில்ராய் 1892இல் விவரித்த வகை) இதே பட்டமா?

‘நிணநீர் வீக்கம்’ இவ்வளவு கொடிதன்று. ஆனால் தொடையிடுக்கில் ‘நெறி கட்டியிருக்கிறது’ என்று நாம் சொல்வதைத்தான் அது நினைவூட்டும். மேலும், இடுப்புக்குள் வலப்பக்கத் தமனி இடப்பக்கச் சிரையை அழுத்துவதால் இடது கால் வீங்குவதை மே, தர்னர் என்னும் மருத்துவர் இருவர் 1957இல் விவரித்தனர். அது ‘சிரைத் தேக்கம்’ என்றால், இது ‘நிணநீர்த் தேக்கம்’ என்று இணையாக நிற்கும், எந்தக் குழாயில் தடை என்பதும் விளங்கும். தேக்கம் வீக்கத்தைச் சொல்லவில்லையே என்பார்கள்; வீங்கியதைக் கண்டுதானே நோயாளி வந்திருக்கிறார்!

பெயரில் காட்டும் இந்த அலட்சியம் விளக்கத்திலும் தொடர்கிறது. ‘நிணநீர்த் தேக்கத்தில் அழுத்தினால் குழி விழாது’ என்று எழுதிவிடுகிறார்கள். தொடக்க நிலையில் நன்றாகவே விழும், தோல் தடித்து இறுகிய பின்னரே விழாமற்போகும். இரண்டாம் கால்விரல் தொடங்கும் இடத்தில் மேற்புறத் தோலைக் கிள்ளித் தூக்க இயலாமை நிணநீர்த் தேக்கத்தைக் காட்டும் ஸ்டெம்மர் அறிகுறி. ஆனால் தோல் கிள்ள வந்துவிட்டது என்பதாலேயே அந்நோய் இல்லையென்று ஆகிவிடாது.