மார்கழி ஓசோனும் கட்டிலடிக் கொசுவத்தியும்

"மார்கழி விடியக்காலையில ஓசோன் இறங்கும்னு சொல்றாங்களே டாக்டர், அதை விடக்கூடாதுன்னுதான் அஞ்சு மணிக்கே நடக்கப் போறேன். நல்லது பண்ணப் போயி இப்படி இழுக்குதே?"

கேட்டவர் மஞ்சக்குப்பத்துக்காரர், ஓய்வு பெற்ற வாத்தியார். பீடி, சிகரெட் தொட்டதே இல்லை. இழுப்பு மட்டும் சின்ன வயதிலிருந்தே உண்டு. தினமும் சில்வர் பீச் வரை நடை. கடலூரில் நெஞ்சக நோய் பார்க்கும் எனக்கு மார்கழி பிறந்தால் இந்த ஓசோன் கேள்வி தவறாமல் வந்துவிடும்.

நம்மைக் காக்கிற ஓசோன் பதினைந்து கிலோமீட்டருக்கும் மேலே இருக்கிறது. மார்கழி என்பதற்காக அது இறங்கி வருவதில்லை. தரைமட்டத்து ஓசோன் வேறு. வண்டிப் புகையில் வெயில் பட்டு உருவாவது, மூச்சுக்குழாய்க்கு எரிச்சல் தருவது. அதுவும் மத்தியானத்தில்தான் கூடும், விடியற்காலையில் மிகக் குறைவு. ஆக, வாத்தியார் தேடிப் போன சரக்கு அந்த நேரத்தில் கடையிலேயே இல்லை. இருந்தது புகை.

மார்கழி இரவில் தரை சீக்கிரம் குளிர்ந்துவிடும். தரையை ஒட்டிய காற்றும் குளிர்ந்து, கனத்து, கீழேயே கிடக்கும். அதற்கு மேலே வெதுவெதுப்பான காற்று, பானைக்கு மூடி போட்ட மாதிரி. டீக்கடை விறகடுப்பு, சந்து முனையில் குப்பையோடு கொளுத்தும் பிளாஸ்டிக், முதல் பஸ்களின் டீசல் புகை, துடைப்பம் கிளப்பும் தூசு, எல்லாம் ஆள் உயரத்திலேயே மிதக்கும். "நமக்குத்தான் கடல் காத்து இருக்கே, இது என்ன டெல்லியா?" என்பார்கள். பாதி சரி. கடல் காற்று அடிப்பது பகலில், தரை சூடேறிய பிறகு. ராத்திரியிலும் விடியலிலும் காற்று ஊரிலிருந்து கடலுக்குப் போகும், அதுவும் மெதுவாக. ஐந்து மணிக்குக் கடற்கரையில் நின்றாலும் மூக்குக்கு வருவது ஊர்ப் புகைதான்.

இந்த ஊரில் காற்று என்றாலே பேச்சு சிப்காட் தொழிற்பேட்டைக்குப் போய்விடும். போக வேண்டியதுதான். அந்தப் பகுதி கிராமத்து மக்கள் 2004-ல் வாளியில் காற்றைப் பிடித்து ஆய்வகத்துக்கே அனுப்பினார்கள். நாற்றம் மூக்கைத் துளைத்ததால் நடந்தது அது. புகையில் இருக்கும் நுண்துகள் அப்படி முன்கூட்டிச் சொல்லிக்கொண்டு வராது. அதன் அளவு 2.5 மைக்ரானுக்குள், அதாவது தலைமுடியின் தடிமனில் ஏறக்குறைய முப்பதில் ஒரு பங்கு. மூக்கையும் தொண்டையையும் தாண்டி நுரையீரலின் காற்றறை வரை போகும். மிக நுண்ணியவை ரத்தத்திலும் கலக்கும். அதனால்தான் பேச்சு இழுப்போடு நிற்காமல் மாரடைப்பு, பக்கவாதம் வரை போகிறது. அமெரிக்காவில் ஆறு ஊர்களில் 8,111 பேரை 14 முதல் 16 ஆண்டுகள் தொடர்ந்து பார்த்த ஆய்வு 1993-ல் வெளியானது. புகைப்பழக்கத்தைக் கணக்கிலெடுத்துக் கழித்த பிறகும், காற்று மிக மோசமான ஊரில் இறப்பு விகிதம் மிகச் சுத்தமான ஊரைவிட 26 சதவீதம் கூடுதல்.

"காத்து எப்படின்னு போன்ல பார்த்தேன், பச்சையாத்தான் காட்டுச்சு" என்றார் வாத்தியார். நம் நாட்டுக் காற்றுத் தரக் குறியீட்டில், ஒரு கன மீட்டர் காற்றில் நுண்துகள் 60 மைக்ரோகிராம் வரை இருந்தாலும் 'திருப்தி'தான், பச்சைதான். உலக சுகாதார நிறுவனம் 2021-ல் ஒரு நாளைக்குச் சொன்ன அளவு 15. யாருடைய திருப்தி என்று தெரியவில்லை.

அவருக்கு மருந்தை மாற்றவில்லை. (இன்ஹேலரை நிறுத்தவும் சொல்லவில்லை, யாரும் தானாக நிறுத்திவிட வேண்டாம்.) நடையைச் சாயங்காலம் நாலரைக்கு மாற்றச் சொன்னேன். பீக் ஃப்ளோ மீட்டர் ஒன்று வாங்கவைத்தேன். முழு மூச்சு இழுத்து ஒரே ஊதாக ஊதினால் முள் நகர்ந்து எண் காட்டும் பிளாஸ்டிக் குழாய் அது. காலையும் மாலையும் ஊதி எழுதச் சொன்னேன்.

பத்து நாள் கழித்து, கிழித்த நாள்காட்டித் தாள்களின் பின்பக்கத்தில் எழுதிக் கொண்டுவந்தார். முத்து முத்தான வாத்தியார் கையெழுத்து. சாயங்கால எண் 280-லிருந்து 350-க்கு ஏறியிருந்தது. காலை எண் மட்டும் 290-ஐத் தாண்டவில்லை. இழுப்புக்காரர்களுக்குக் காலையில் கொஞ்சம் குறைவது சகஜம்தான். இவ்வளவு குறைந்தால் இடிக்கிறது.

"ராத்திரி ஜன்னலைச் சாத்திடுவீங்களா சார்?"

"பின்னே, கொசு?"

கூட வந்த அவர் மனைவி மெல்லச் சொன்னார்: "கட்டிலுக்கு அடியில ரெண்டு கொசுவத்தி எரியும் டாக்டர். தலைமாட்டுல ஒண்ணு, கால்மாட்டுல ஒண்ணு."

சீன, மலேசியக் கொசுவத்திகளை எரித்துப் பார்த்த 2003-ம் ஆண்டு ஆய்வு ஒன்று உண்டு. ஒரு சுருளிலிருந்து வரும் நுண்துகள் 75 முதல் 137 சிகரெட்டுக்குச் சமம் என்றது. சிகரெட்டே தொடாத மனிதர்! கொசுவலை வாங்கச் சொன்னேன். முகத்தைச் சுளித்தார், வலைக்குள் காற்று வராதாம்.

பொங்கல் முடிந்து அடுத்த கட்டுத் தாள்கள் வந்தன. காலை எண்கள் 320, 330, 335. மார்கழிக் கடைசித் தாளில் மட்டும் 260. பக்கத்தில் சிவப்பு மையில் எழுதியிருந்தார்: "போகி. எதிர்வீட்டில் டயர்."