மூன்று தீர்மானம் போட்டும் தூர்வாராத ஏரி

ஊராட்சிகளுக்கு வளர்ச்சித் திட்டம் தயாரிக்க உதவுவது என் வேலை. ஒருமுறை ஓர் ஊராட்சியில் தீர்மானப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தேன். மூன்று கிராம சபைக் கூட்டங்களில் அடுத்தடுத்து 'பெரிய ஏரியைத் தூர்வாருதல்' என்று தீர்மானம் போட்டிருந்தார்கள். கையெழுத்தும் கைநாட்டும் பக்கம் பக்கமாக இருந்தன. ஏரியில் மட்டும் சீமைக் கருவேலம் நின்றது.

"எழுதி அனுப்பிட்டோம் சார், ஒன்றியத்துல கிடக்கு" என்றார் தலைவர்.

"ஆயக்கட்டு எவ்வளவு வரும்?"

"நூத்தம்பது ஏக்கர் இருக்கும்."

சிக்கல் அங்கேதான் இருந்தது. தமிழ்நாட்டில் ஆயக்கட்டு (ஏரித் தண்ணீர் பாயும் நிலம்) 40 ஹெக்டேருக்கு மேல், அதாவது ஏறக்குறைய 100 ஏக்கருக்கு மேல், இருந்தால் அந்த ஏரி நீர்வளத் துறையின் பொறுப்பு. முன்பு பொறுப்பில் இருந்த பொதுப்பணித் துறையின் பெயரால், ஊரில் இன்னும் பி.டபிள்யூ.டி. ஏரி என்றுதான் சொல்வார்கள். அதற்குக் குறைந்தால் ஊராட்சி ஒன்றிய ஏரி. இவர்கள் மூன்று தடவையும் ஒன்றிய அலுவலகத்துக்கே அனுப்பியிருந்தார்கள். தன் பதிவேட்டில் இல்லாத ஏரிக்கு ஒன்றியம் எப்படி மதிப்பீடு போடும்? 'இது எங்களுடையது இல்லை' என்று ஒரு வரி எழுதித் திருப்பி அனுப்பியிருக்கலாம். அதையும் யாரும் செய்யவில்லை.

கிராமத்துத் திட்டங்கள் நிதி இல்லாமல் நிற்பதை நிறையப் பார்த்திருக்கிறேன். எல்லை தெரியாமல் நிற்பதையும் அதற்குக் குறையாமல் பார்த்திருக்கிறேன்.

நாம் 'ஊர்' என்று ஒற்றைச் சொல்லில் சொல்லிவிடுகிறோம். அரசாங்கத்துக்கு அது குறைந்தது இரண்டு. ஒன்று வருவாய் கிராமம். நிலவரி வசூலிக்க உருவான பழைய எல்லை அது. அதற்கு மேலே குறுவட்டம், வட்டம், கோட்டம், மாவட்டம் என்று போகும். 1980 வரை கர்ணமும் மணியக்காரரும் பார்த்த கணக்கைத்தான் இன்று கிராம நிர்வாக அலுவலர் வைத்திருக்கிறார். பட்டா, சிட்டா, அடங்கல், 'அ' பதிவேடு என்ற நிலப் பதிவுகள் எல்லாம் இந்த வரிசை.

இன்னொன்று கிராம ஊராட்சி. அதற்கு மேலே ஊராட்சி ஒன்றியம், மாவட்ட ஊராட்சி. ஒன்றியங்கள் 1958ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி 1960, 61 வாக்கில் வந்தவை. இப்போது நடப்பில் இருப்பது, 73வது அரசியல் சட்டத் திருத்தத்தைத் தொடர்ந்து வந்த 1994ஆம் ஆண்டுத் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம். குடிநீர், தெருவிளக்கு, வீட்டு வரி, ஊராட்சிச் சாலை எல்லாம் இந்தப் பக்கம்.

இந்த இரண்டு கோடுகளும் ஒன்றின் மேல் ஒன்று பொருந்தாது. ஓர் ஊராட்சிக்குள் இரண்டு மூன்று வருவாய் கிராமங்கள் கிடக்கும். பெரிய வருவாய் கிராமம் ஒன்று இரண்டு ஊராட்சிகளில் பிரிந்து நிற்கும். வட்டங்களும் மாவட்டங்களும் பிரிந்துகொண்டே வந்தன. 2019இல் மட்டும் தென்காசி, கள்ளக்குறிச்சி, ராணிப்பேட்டை, திருப்பத்தூர், செங்கல்பட்டு என ஐந்து மாவட்டங்கள். ஒன்றியங்கள் அந்த வேகத்தில் பிரியவில்லை. அதனால் ஒன்றியத்தின் எல்லையும் வட்டத்தின் எல்லையும் ஒன்றாக இருக்கும் என்று நம்பி எந்த மனுவையும் எழுதாதீர்கள். காவல் நிலைய எல்லை, ஆரம்ப சுகாதார நிலைய எல்லை, மின்வாரியப் பிரிவு என்று இன்னும் பல கோடுகள் உண்டு. அவற்றுக்குள் இப்போது போனால் வெளியே வர முடியாது.

திட்டம் போடுகிறவனுக்கு இதில் உள்ள பெரிய தலைவலி புள்ளிவிவரம். மக்கள்தொகைக் கணக்கெடுப்பு கிராமப்புற விவரத்தை வருவாய் கிராமவாரியாகத் தருகிறது. பணம் வருவதோ ஊராட்சிவாரியாக. கூட்டிக் கழித்து ஊராட்சிக்கு ஓர் எண்ணைக் கொண்டுவந்துவிடலாம். அந்த எண்ணுக்குள் குக்கிராமம், அதாவது ஊராட்சிக்குள் தனித்தனியாக இருக்கும் குடியிருப்பு, காணாமல் போய்விடும் என்பதுதான் என் கவலை. தமிழ்நாட்டில் 12,525 கிராம ஊராட்சிகள் இருந்தபோது அவற்றில் 79,000க்கு மேல் குக்கிராமங்கள் கணக்கில் இருந்தன. சராசரியாக ஓர் ஊராட்சிக்கு ஆறு. 'இந்த ஊராட்சியில் பெரும்பாலான வீடுகளுக்குக் குழாய் இணைப்பு உண்டு' என்பது முழு உண்மையாக இருக்கும்போதே, ஆறாவது குக்கிராமத்தில் ஒரு குழாய்கூட இல்லாமல் இருக்கலாம்.

இதைக் கண்ணால் பார்த்தது ஒரு கோலத்தில். சமூக வரைபடம் என்று ஒரு பயிற்சி உண்டு. கோயில் வாசலில் கோலப்பொடியால் ஊர் மக்களே தங்கள் ஊராட்சியை வரைவார்கள். பள்ளி, ரேஷன் கடை, மேல்நிலைத் தொட்டி, கிணறு எல்லாம் வந்துவிட்டன. இளவட்டங்கள் எழுந்து கை தட்டிக்கொண்டார்கள். ஓரமாக உட்கார்ந்திருந்த பாட்டி ஒருவர் எழுந்து வந்து, வரைந்த கோட்டுக்கு ஒரு முழம் தள்ளி ஒரு கூழாங்கல்லை வைத்தார். "ஓடைக்கு அந்தாண்ட பதினேழு வீடு இருக்கே, அது யாரு ஊரு?" என்றார். பேச்சு நின்றுவிட்டது. அந்த வீட்டுக்காரர்கள் ஓட்டுப் போடுவது இந்த ஊராட்சியில். ரேஷன் வாங்குவது பக்கத்து ஊராட்சியில். நிலம் இருப்பது மூன்றாவதாக ஒரு வருவாய் கிராமத்தில். எந்தத் திட்ட அறிக்கையிலும் அந்தப் பதினேழு வீடு வந்ததில்லை.

எந்த அலகை எடுத்துக்கொள்கிறோம் என்பது வெறும் நிர்வாக விஷயம் இல்லை என்று நான் அடித்துச் சொல்வதற்குக் காரணம் உண்டு. 2006இல் வந்த அனைத்து கிராம அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தில் ஒவ்வோர் ஊராட்சிக்கும் 20 லட்சம் ரூபாய். எல்லோருக்கும் சமம், கேட்க நியாயமாகத்தான் இருந்தது. ஆனால் மூன்று குக்கிராமம் உள்ள ஊராட்சிக்கும் அதே 20 லட்சம், முப்பது உள்ளதற்கும் அதே 20 லட்சம். பெரிய ஊராட்சிகளின் கடைசிக் குக்கிராமங்கள் வரை பணம் போய்ச் சேருவது கஷ்டம். 2011இல் வந்த 'தாய்' திட்டம் குக்கிராமங்களின் எண்ணிக்கையைப் பார்த்து நிதியைப் பிரித்தது. அலகை மாற்றியதும் பங்கும் மாறியது.

சரி, கிராம சபைக்குப் போகிறவர் என்ன செய்யலாம்? ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று ஆண்டுக்கு ஆறு கூட்டம். போவதற்கு முந்தின வாரமே கிராம நிர்வாக அலுவலரிடம் போய், நீங்கள் கேட்கப்போகும் இடத்தின் புல எண்ணையும் (சர்வே நம்பர்) 'அ' பதிவேட்டில் அது என்ன வகையாகப் பதிவாகியிருக்கிறது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். ஓடைப் புறம்போக்கா, மேய்ச்சல் நிலமான மேய்க்காலா, குடியிருப்பு நிலமான நத்தமா, வண்டிப்பாதையா என்பது தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. தீர்மானத்தில் 'ஏரி அருகே' என்று எழுத விடாதீர்கள். புல எண்ணோடு, குக்கிராமத்தின் பெயரோடு எழுதச் சொல்லுங்கள். அப்புறம், கூட்டம் எப்போதும் தாய்க் கிராமத்திலேயே நடந்தால் சுழற்சி முறையில் மற்ற குக்கிராமங்களிலும் வைக்கச் சொல்லிக் கேளுங்கள். ஐந்து கிலோமீட்டர் நடந்து வந்து ஓரமாக நிற்பவர் பேச மாட்டார். நானும் பேசமாட்டேன்.

அந்த ஏரிக்கு வருகிறேன். நான்காவது தீர்மானத்தைப் புல எண், ஆயக்கட்டுப் பரப்பு இரண்டோடும் எழுதி நீர்வளத் துறைக்கு அனுப்பினோம். வரைபடத்தை விரித்துப் பார்த்தபோதுதான் வரத்து வாய்க்காலின் மேல்பகுதி பக்கத்து ஊராட்சியில் கிடப்பது தெரிந்தது. வாய்க்கால் அடைந்து கிடந்தால் ஏரியை எவ்வளவு ஆழப்படுத்தினாலும் தண்ணீர் வராது. இரண்டு தலைவர்களுக்கும் பழைய தேர்தல் பகை வேறு. டீக்கடையில் உட்காரவைத்து இரண்டு சுற்று டீ ஆனபிறகு, இரண்டு ஊராட்சியிலும் ஒரே நாளில் ஒரே வாசகத்தோடு தீர்மானம் போட ஒப்புக்கொண்டார்கள்.

ஏரி அடுத்த ஆண்டுப் பணிப் பட்டியலில் ஏறியது. வாய்க்காலைப் பக்கத்து ஊரார் தங்கள் எல்லைக்கல் வரை தூர்வாரிவிட்டார்கள். கல்லுக்கு இந்தப் பக்கம் இருநூறு மீட்டர் பாக்கி. போன வாரம் தலைவர் போன் செய்து, அது எந்தப் புல எண்ணில் வருகிறது என்று கேட்டார்.