சிறுநீரில் சர்க்கரை கூடினால் கல் குறையுமா?

டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் போன்ற சர்க்கரை நோய் மாத்திரைகளைச் சாப்பிடுபவர்களின் சிறுநீரைச் சோதித்தால் சர்க்கரை தாராளமாகத் தெரியும். பயப்பட வேண்டாம், மருந்தின் வேலையே அதுதான். இதே மருந்துகள் சிறுநீரகக் கல்லையும் குறைக்கின்றன போலிருக்கிறது.

சிறுநீரகங்கள் நாளொன்றுக்குச் சுமார் 180 லிட்டர் திரவத்தை வடிக்கின்றன. அதோடு இறங்கும் குளுக்கோஸில் 90 சதவீதம் போல எஸ்ஜிஎல்டி2 என்ற புரதம் பிடித்து இரத்தத்துக்கே திருப்பி அனுப்பிவிடும். மருந்து அந்தப் புரதத்தை முடக்குகிறது. தினமும் 60 முதல் 80 கிராம் வரை குளுக்கோஸ் சிறுநீரில் போய்விடுகிறது. ஆப்பிள் மரப்பட்டையிலிருந்து 1835-இல் பிரித்தெடுத்த ஃப்ளோரிசின்தான் இந்த மருந்துக் குடும்பத்தின் மூதாதை.

இவ்வளவு சர்க்கரை போனால் அதுவே கல்லாக உறையாதா? உறையாது, அது நீரில் எளிதாகக் கரைவது. கல்லாவது பெரும்பாலும் கால்சியம் ஆக்சலேட், அப்புறம் யூரிக் அமிலம். சர்க்கரையோ போகும்போது நீரையும் சேர்த்து இழுத்துப் போகிறது. சிறுநீர் நீர்த்துப்போனால் உப்புகள் ஒன்றோடொன்று சேர்ந்து படிகமாவது கடினம். சிறுநீரில் சிட்ரேட்டும் கூடுகிறது; அது கால்சியத்தைப் பிடித்துக்கொள்வதால் ஆக்சலேட்டுக்கு ஜோடி குறைகிறது.

இரண்டாம் வகை சர்க்கரை நோயாளிகளுக்கு இன்னொரு சிக்கல். இன்சுலின் சரியாக வேலை செய்யாதபோது, அமிலத்தை மட்டுப்படுத்தும் அம்மோனியாவைச் சிறுநீரகம் குறைவாகவே தயாரிக்கிறது, சிறுநீரில் அமிலத்தன்மை கூடிவிடுகிறது. காரகாடித்தன்மை எண் (pH) 5.5-க்குக் கீழே இறங்கினால் யூரிக் அமிலம் கரையாமல் தங்கும். அவர்களுக்கு இந்த வகைக் கல் அதிகம் வருவது இதனால்தான். வேடிக்கை என்னவென்றால், இந்த மாத்திரைகள் யூரிக் அமிலத்தையும் கூடுதலாகச் சிறுநீரில் தள்ளுகின்றன. அப்படியானால் கல் கூடத்தானே வேண்டும்? கூடவில்லை. எம்பாகிளிஃப்ளோசின் சோதனைகளின் தரவுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, மருந்தில்லாத வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களைவிட மருந்து சாப்பிட்டவர்களுக்குக் கல் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைவாகவே வந்திருந்தது.

ஆனால் அந்தச் சோதனைகள் கல்லுக்காக நடத்தப்பட்டவை அல்ல. பிறப்புறுப்பில் பூஞ்சைத் தொற்று, நீரிழப்பு, அரிதாகக் கீட்டோன் அமிலம் ஏறுவது என்று பக்க விளைவுகளும் உண்டு. வாந்தி பேதி வந்த நாட்களில் மாத்திரையைத் தொடரலாமா என்று மருத்துவரைக் கேட்டாக வேண்டும். சர்க்கரை நோய் இல்லாத கல் நோயாளிகளிடமும் சிறிய அளவில் சோதித்திருக்கிறார்கள். சிறுநீரில் படிகம் உருவாகும் வாய்ப்பு குறைந்தது. கல்லே வராமல் நிற்கிறதா என்று பார்க்க ஆண்டுக்கணக்கில் கவனிக்க வேண்டும்.