பிள்ளை பெற்ற பின் வீங்கும் விரல் மூட்டுகளும் எதிர்ப்புரதத்தின் சர்க்கரையும்

தருமபுரி, பென்னாகரம், அரூர் பக்கத்திலிருந்து மூட்டுவலி என்று வரும் இளம்பெண்களிடம் நான் முதலில் கேட்பது, கடைசிக் குழந்தைக்கு இப்போது எத்தனை மாதம் என்பதைத்தான். மூட்டுவலிக்கும் குழந்தைக்கும் என்ன சம்பந்தம் என்று சிலர் விழிப்பார்கள். ஆனாலும் பதில் பல நேரம் ஒரே மாதிரி வரும்: "நாலு மாசம் ஆகுதுங்க சார். வயித்துல இருந்தப்ப வலியே இல்ல. பொறந்த அப்புறம்தான் காலையில விரலை மடக்க முடியல." கூட வந்த மாமியார் காரணத்தோடு தயாராக இருப்பார்: "பச்ச உடம்புல தண்ணியில கை வைக்காதன்னு சொன்னேன், எங்க கேட்டா!"

தண்ணீரில் கை வைத்ததால் இது வருவதில்லை. இந்தப் பெண்களில் ஒரு பகுதியினருக்கு இருப்பது முடக்குவாதம் (ருமட்டாய்டு ஆர்த்ரைடிஸ்). உடம்பைக் காக்க வேண்டிய எதிர்ப்பு மண்டலமே மூட்டுகளின் உள்சவ்வைத் தாக்கும் நோய். கர்ப்ப காலத்தில் பலருக்கு அது தணிகிறது, பிரசவத்துக்குப் பின் முதல் சில மாதங்களில் மீண்டும் கிளம்புகிறது. சிலருக்கு முதன்முதலில் தலைகாட்டுவதே அப்போதுதான்.

கர்ப்பத்தில் நோய் தணிவதை 1938இல் விரிவாகப் பதிவு செய்தவர் அமெரிக்க மருத்துவர் பிலிப் ஹென்ச். உடம்பே எதையோ சுரந்து நோயை அடக்குகிறது என்று நம்பித் தேடினார். அந்தத் தேடல் கார்டிசோன் என்ற ஸ்டீராய்டு சிகிச்சையில் போய் முடிந்தது, 1950இல் அவருக்கும் கெண்டல், ரெய்க்ஸ்டைன் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. ஆனால் கர்ப்பம் எப்படி நோயை அடக்குகிறது என்ற கேள்வி அதோடு தீரவில்லை. விடையின் முக்கியமான ஒரு துண்டு 1985இல் வந்தது. ஆக்ஸ்ஃபோர்டில் ரேமண்ட் டுவெக் குழுவினரும் ஜப்பானிய ஆய்வாளர்களும் சேர்ந்து, முடக்குவாத நோயாளிகளின் ஐஜிஜி (IgG) வகை எதிர்ப்புரதத்தில் காலக்டோஸ் என்ற சர்க்கரை குறைந்திருப்பதைக் காட்டினார்கள்.

எதிர்ப்புரதம், அதாவது கிருமிகளை எதிர்க்க உடம்பு செய்யும் ஆன்டிபாடி, வெறும் புரதம் மட்டும் இல்லை. ஐஜிஜியின் அடிப்பகுதியில் இரண்டு பக்கமும், கனச் சங்கிலி எனப்படும் அதன் பெரிய புரதச் சங்கிலி ஒவ்வொன்றிலும் 297ஆம் இடத்தில், ஒரு சர்க்கரைக் கொத்து ஒட்டியிருக்கிறது. கேழ்வரகுக் கதிர் விரல் விரலாகப் பிரிவதுபோல அது இரண்டு கிளையாகப் பிரியும். கிளை நுனியில் காலக்டோஸ் இருக்கலாம், இல்லாமலும் போகலாம். காலக்டோஸ் இருந்தால்தான் அதன்மேல் சைலிக் அமிலம் என்ற இன்னொரு சர்க்கரை ஒட்ட முடியும். எடையில் மொத்த எதிர்ப்புரதத்தின் 2 முதல் 3 சதவீதம்தான் இந்தக் கொத்து. ஆனால் அந்த எதிர்ப்புரதம் அழற்சியை (வீக்கமும் வலியும் தரும் எதிர்வினையை) தூண்டுமா, தணிக்குமா என்பதில் இதற்குப் பெரிய பங்கு உண்டு. சைலிக் அமிலம் ஏறிய ஐஜிஜி அழற்சியைத் தணிக்கக் கூடியது என்பதை 2006இல் ஜெஃப்ரி ராவெட்ச் குழுவினர் எலிகளில் காட்டினார்கள். நுனி மொட்டையாக இருந்தால் அழற்சிப் பக்கம் சாயும்.

கர்ப்பத்தில் இந்தக் காலக்டோஸ் கூடுகிறது. பிரசவத்துக்குப் பின் இறங்குகிறது. நோய் தணிவதும் கிளம்புவதும் ஏறக்குறைய அதே தாளத்தில் நடக்கின்றன. இதுவே முழுக் காரணம் என்று நான் சொல்லமாட்டேன், கர்ப்பத்தில் எதிர்ப்பு மண்டலம் வேறு பல வகையிலும் மாறுகிறது. ஆனாலும் எனக்கு இதில் மிக முக்கியமாகப் படுவது வேறொன்று. முடக்குவாதத்துக்கே உரிய எதிர்ப்புரதங்கள் (ஆன்டி-சிசிபி பரிசோதனையில் தெரிபவை) ரத்தத்தில் பல வருடம் சும்மா இருக்க முடியும். நோய் வெளிப்படுவதற்குச் சில மாதம் முன்புதான் அவற்றின் சர்க்கரைக் கொத்து மாறத் தொடங்குகிறது. அதாவது, விரல் வீங்கும் நாளில் நோய் ஏற்கெனவே வெகுதூரம் நடந்து வந்திருக்கிறது. அதனால்தான் "இன்னும் ஆறு மாசம் பார்த்துட்டு வரேன்" என்று யாராவது சொன்னால் நான் விடுவதில்லை.

சர்க்கரை என்று சொன்னதும் அடுத்த கேள்வி வந்துவிடும்: "அப்ப இனிப்பை நிறுத்திடட்டுமா சார்?" இதற்கும் நீரிழிவுக்கும் சம்பந்தமில்லை. நீரிழிவுக்குப் பார்க்கும் எச்பிஏ1சி என்பது ரத்தத்தில் உள்ள குளுக்கோஸ் தானாகப் போய் ஹீமோகுளோபினில் ஒட்டிக்கொள்வது. எதிர்ப்புரதத்தில் நடப்பது அப்படி இல்லை. செல்லுக்குள் நொதிகள் ஒவ்வொரு சர்க்கரையாக வரிசைப்படி ஒட்டி அனுப்புகின்றன. அந்த நொதிகளை ஹார்மோன்களும் அழற்சிச் சமிக்ஞைகளும் மாற்றுகின்றன, தட்டில் இருக்கும் கேசரி மாற்றுவதில்லை. பாலில் காலக்டோஸ் உண்டு என்பதற்காகக் கூடுதலாகப் பால் குடித்தாலும் அது எதிர்ப்புரதத்தின் நுனியில் போய் உட்காராது. மூட்டுக்கென்று விற்கும் குளுக்கோசமைன் மாத்திரையும் முடக்குவாதத்துக்கு மருந்தில்லை. பிள்ளை பெற்றவளைப் பத்தியம் என்று காய வைக்க வேண்டாம், அவளுக்குப் புரதமும் இரும்பும் தேவை.

மூட்டோடு இது முடிவதுமில்லை. எதிர்ப்பு மண்டலம் பல உறுப்புகளைத் தாக்கும் லூபஸ் நோயிலும் ஐஜிஜியில் காலக்டோஸ் குறைகிறது. எதிர்ப்பு மண்டலத்தின் வெள்ளணுக்களில் ஒன்றான டி செல்லின் மேற்புரதங்களில் சர்க்கரைக் கிளைகள் குறைந்தால், அந்தச் செல் சிறு தூண்டலுக்கே விழித்துக்கொள்கிறது. அப்படிக் கிளை குறைந்த எலிகளுக்குத் தன்னெதிர்ப்பு நோய் வருவது 2001இல் வெளியான ஆய்வில் தெரிந்தது. ஐஜிஏ வகைச் சிறுநீரக நோயில் ஐஜிஏ1 என்ற வேறொரு வகை எதிர்ப்புரதத்தில் காலக்டோஸ் குறைகிறது. அந்தக் குறையையே அந்நியமாக நினைத்து உடம்பு இன்னொரு எதிர்ப்புரதம் செய்ய, இரண்டும் சேர்ந்து சிறுநீரக வடிகட்டியில் படிகின்றன. தொண்டை வலி வந்த ஓரிரு நாளில் சிறுநீர் கோலா நிறத்தில் போனால், வலி இல்லை என்று விட்டுவிடாதீர்கள். சிறுநீர்ப் பரிசோதனையும், சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியாட்டினின் ரத்தப் பரிசோதனையும் உடனே பார்க்க வேண்டும்.

நம் மாவட்டத்துக்கென்று ஒரு சிக்கல் இருக்கிறது. தருமபுரி, கிருஷ்ணகிரி நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு அதிகம் என்பது ஊரறிந்த விஷயம். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே அதற்காக வந்ததுதான். அதனால் எந்த மூட்டுவலியும் "நம்ம ஊர் தண்ணி" என்ற கணக்கில் போய்விடுகிறது. எலும்பு ஃப்ளோரோசிஸில் பெரும்பாலும் முதுகும் கழுத்தும் இடுப்பும் இறுகும், எக்ஸ்ரேயில் எலும்பு அடர்ந்து தெரியும், தசைநார்களில் சுண்ணாம்பு படிந்திருக்கும். முடக்குவாதம் பிடிப்பது வேறு இடம். இரண்டு கையிலும் விரல் கணுக்கள், மணிக்கட்டு, பாதத்தின் முன்பகுதி. அழுத்தினால் மெத்தென்ற வீக்கம். காலையில் எழுந்தால் அரைமணி, ஒரு மணி நேரம் விறைப்பு; வேலை செய்யச் செய்ய இளகும். இப்படி ஆறு வாரம் நீடித்தால் மருத்துவரிடம் காட்டியே ஆக வேண்டும். ஈஎஸ்ஆர், சிஆர்பி, ஆர்ஏ ஃபேக்டர், ஆன்டி-சிசிபி ஆகிய ரத்தப் பரிசோதனைகளும் கை எக்ஸ்ரேயும் போதும் தொடங்க. சர்க்கரைக் கொத்தை அளப்பது ஆய்வுக்கூட வேலை, அப்படி ஒரு டெஸ்ட் எழுதித் தரச் சொல்லிக் கேட்க வேண்டியதில்லை.

இதற்கு நடுவில் நான் அதிகம் வருந்துவது மெடிக்கலில் வாங்கும் செட் மாத்திரைக்காக. அதில் பெரும்பாலும் ஸ்டீராய்டும் வலி மாத்திரையும் இருக்கும். இரண்டே நாளில் விரல் மடங்கும், அதை நம்பி மாதக்கணக்கில் ஓடும். முகம் உப்பி, ரத்தச் சர்க்கரை ஏறி, எலும்பு மெலிந்து வரும்போது மூட்டும் அரித்துப் போயிருக்கும். ஸ்டீராய்டு கெட்ட மருந்தில்லை, நாங்களும் தருகிறோம். ஆனால் அளவோடு, குறுகிய காலத்துக்கு, நோயை உண்மையில் அடக்கும் மருந்து வேலை செய்யத் தொடங்கும் வரை.

அந்த மருந்துகளில் முதன்மையானது மெத்தோட்ரெக்ஸேட். வாரத்தில் ஒரே ஒரு நாள் மட்டும். தினமும் போட்டால் வாய் புண்ணாகும், ரத்த அணுக்கள் விழும், உயிருக்கே ஆபத்து. எந்தக் கிழமை என்று சீட்டில் பெரிதாக எழுதச் சொல்லுங்கள், வீட்டில் இன்னொருவருக்கும் தெரிந்திருக்கட்டும். கர்ப்பத்திலும் தாய்ப்பால் கொடுக்கும்போதும் இது கூடாது. அப்போது ஹைட்ராக்ஸிகுளோரோகுயின், சல்ஃபாசலசின் போன்றவற்றைத் தர முடியும். அதனால் பால் கொடுக்கும் பெண் "பால் நிறுத்தின பிறகு பார்த்துக்கலாம்" என்று மூட்டைத் தியாகம் செய்ய வேண்டியதே இல்லை. அடுத்த குழந்தைக்கு நினைக்கிறீர்கள் என்றால் மூன்று மாதத்துக்கு முன்பே வந்து சொல்லுங்கள், மருந்தை மாற்றிவிடலாம். கர்ப்பத்தில் வலி போய்விட்டது என்று சிகிச்சையை மறந்துவிடாமல், பிரசவம் ஆனதும் தாய் வீட்டில் இருக்கும்போதே, விரல் வீங்கும் வரை காத்திராமல், ஒருமுறை வந்து காட்டிவிட்டுப் போங்கள்.