வசதியும் ஏந்தும் நிலையமும்

இலங்கையின் வடக்கே மல்லாவிப் பக்கத்தில் கிராம வைத்தியசாலைகளுக்கான திட்ட வரைவொன்றை வாசித்துக் காட்டிய கூட்டத்தில், "மூன்று சுகாதார வசதிகள் தரமுயர்த்தப்படும்" என்ற வரியைக் கேட்ட முதிய அம்மா ஒருவர், "என்ன வசதி தம்பி, கக்கூசோ?" என்றார். வரைவு சொல்லவந்தது மூன்று வைத்தியசாலைகளை. 'ஃபெசிலிற்றி' (facility) என்ற ஆங்கிலச் சொல்லை எங்கு கண்டாலும் 'வசதி' என்று எழுதும் மொழிபெயர்ப்பாளரிலேயே பிழை.

அந்த ஆங்கிலச் சொல், 'எளிது' எனப் பொருள்படும் இலத்தீன் 'ஃபாசிலிஸ்' வழி வந்து, செயலை எளிதாக்கும் ஏற்பாட்டையும் பின்னர் அவ்வேற்பாடு அமைந்த இடத்தையும் குறித்தது. 'வசதி' எதிர்த்திசையில் நடந்தது. வடமொழி 'வஸதி' குடியிருக்கும் இடம். கன்னடர் சமணக் கோயிலைப் 'பஸதி' என்பது அதன் மிச்சம். தமிழில் இடம் கழன்று சுகம் எஞ்சியது. வசதியான ஆள் என்றால் பணக்காரர்.

வடசொல்லை விலக்கி 'ஏந்து' என்பார் உளர். தனித்தமிழில் எனக்கும் பற்றுண்டு. ஆனால் 'ஏந்து' வசதியின் அதே பொருளையே சுமந்து வருவதால், பிழையான மொழிபெயர்ப்பைத் தூய தமிழில் செய்வதற்கு மேல் எதுவும் நிகழ்வதில்லை. தனித்து நின்றால் அது ஏவலாக ஒலிக்கிறது; 'ஏந்துகள்' என்று பன்மை விகுதி ஏறிய பின்னரே பெயர் என்று தெரிகிறது. அதைவிட, ஆண்டுதோறும் நிதிக்காக அலையும் ஒரு கிராம வைத்தியசாலையின் விண்ணப்பத்தில் 'மருத்துவ ஏந்துக்கு நிதி' என்று எழுதினால், வாசிப்பவருக்குக் கையேந்தல்தான் முதலில் தோன்றும்.

சொல்லுக்குப் பஞ்சமும் இல்லை. ஆதார வைத்தியசாலை, பிரதேச வைத்தியசாலை, ஆரம்ப மருத்துவப் பராமரிப்பு அலகு என நிர்வாகமே பெயரிட்டிருக்கிறது. பிரதேச வைத்தியசாலைகளைக் கட்டில் எண்ணிக்கை கொண்டு, 50க்குக் குறைந்தால் சி, 100 வரை பி, அதற்கு மேல் ஏ என்றும் வகுக்கிறார்கள். எது என்று தெரிந்தால் அதையே எழுதலாம். எல்லாவற்றையும் சேர்த்துச் சுட்டச் 'சிகிச்சை நிலையம்' போதும். அந்த அம்மாவுக்கு "உங்கட ஆசுப்பத்திரியைத்தான்" என்றதும் விளங்கிவிட்டது. வங்கி தரும் 'கடன் வசதி' மட்டும் இருந்துவிட்டுப் போகட்டும். அங்கே வசதிதான் பொருள்.

நிதி ஒதுக்கும்போது இக்குழப்பம் பணத்தையும் தொடுகிறது. நோயாளர் விடுதி கட்டுவதும் மின்பிறப்பாக்கி வாங்குவதும் மூலதனச் செலவு. தாதியின் சம்பளமும் எரிபொருளும் மீண்டெழும் செலவு. இரண்டையும் 'வசதிகளுக்கான நிதி' என்று ஒரே சாக்கில் கட்டினால், மின்பிறப்பாக்கி வந்துசேரும், அதற்கு ஊற்ற டீசலுக்குக் காசிராது.