சுருங்கிய ஆலிஸும் எட்டாத சாவியும்

'ஆலிஸ் இன் வொண்டர்லேண்ட்' கதையைப் படித்துக் காட்டிக்கொண்டிருந்தேன். முயல் பேசியதை என் மகள் கண்டுகொள்ளவே இல்லை. அது சட்டைப் பையிலிருந்து கடிகாரத்தை எடுத்து மணி பார்த்தபோதும் "ம்" மட்டும்தான். ஆலிஸ் குப்பியில் இருந்ததைக் குடித்து 10 அங்குல உயரத்துக்குச் சுருங்கியதும்தான் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"அப்போ கவுனும் சுருங்குமாப்பா?"

1862 ஜூலை 4 அன்று, ஆக்ஸ்ஃபோர்டில் கணிதம் கற்பித்துவந்த சார்லஸ் டாட்ஜ்சன் படகில் போகும்போது மூன்று சிறுமிகளுக்குச் சொன்ன கதை இது. 1865-ல் லூயிஸ் கரோல் என்ற புனைபெயரில் புத்தகமானது. இத்தனை காலம் கழித்தும் ஒரு ஆறு வயதுக்காரியைக் கேள்வி கேட்க வைக்கிறது என்றால், அதில் மாயம் நிறைய இருப்பதாலா? மாயம் அளவாக இருப்பதால்தான் என்று எனக்குத் தோன்றுகிறது.

அந்தக் காட்சியையே பாருங்கள். குட்டிக் கதவுக்குள் நுழைய 10 அங்குலம் சரியான உயரம். ஆனால் சாவியைக் கண்ணாடி மேசைமேலேயே விட்டுவிட்டாள். மேசைக்காலைப் பிடித்து ஏறப் பார்க்கிறாள், வழுக்குகிறது. உட்கார்ந்து அழுகிறாள். இங்கே மீறப்பட்ட விதி ஒன்றே ஒன்று: உடம்பின் அளவு. கண்ணாடி எப்போதும்போல் வழுக்குகிறது, பூட்டுக்கு எப்போதும்போல் சாவி வேண்டும். எது வேண்டுமானாலும் நடக்கலாம் என்றால் சாவி எட்டாதது ஒரு பிரச்சினையே இல்லையே!

பாஸ்கல் போயர் என்ற மானிடவியலாளர் சொல்வதும் இதுதான். நாம் அறிந்த உலகிலிருந்து ஓரிரு இடத்தில் மட்டும் விலகும் கற்பனை மனதில் நிற்கும். விலகல் கூடினால் குழம்பிப்போகும். அரா நோரென்சயன் என்ற உளவியலாளரும் சகாக்களும் கிரிம் சகோதரர்கள் தொகுத்த நாட்டுப்புறக் கதைகளை ஆராய்ந்து 2006-ல் எழுதினார்கள். புகழோடு நிலைத்த கதைகளில் இப்படிப்பட்ட மீறல்கள் பெரும்பாலும் இரண்டு மூன்றுதான்.

மீறல் ஏன் இழுக்கிறது? 2015-ல் ஐமி ஸ்டால், லிசா ஃபைகன்சன் என்ற இரு உளவியலாளர்கள் 11 மாதக் குழந்தைகளுக்கு ஒரு கண்கட்டு வித்தை காட்டினார்கள். பொம்மை சுவரை ஊடுருவிப் போனதாகப் பார்த்த குழந்தைகள், அது கைக்கு வந்ததும் டக் டக்கென்று தட்டிப் பார்த்தன. அந்தரத்தில் நின்றதாகப் பார்த்தவை கீழே போட்டுப் பார்த்தன. திடப்பொருள்தானா, விழுமா என்று அவரவர் சந்தேகத்துக்கு ஏற்ற சோதனை!

கைக்குழந்தையையும் கதை கேட்பவரையும் ஒரே தட்டில் வைப்பது கொஞ்சம் துணிச்சல்தான். ஆனால் ஆலிஸ் அதையேதான் செய்கிறாள். காளானின் ஒரு பக்கம் வளரவைக்கும், மறுபக்கம் சுருக்கும் என்று கம்பளிப்புழு சொல்கிறது. எது எந்தப் பக்கம் என்று சொல்லவில்லை. இரண்டு கையிலும் ஒவ்வொரு துண்டு. வலக்கைத் துண்டைக் கடித்ததும் முகவாய் பாதத்தில் இடிக்கிறது, மற்றதைக் கடித்தால் கழுத்து மரங்களுக்கு மேலே போய்விடுகிறது. பிறகு இதில் கொஞ்சம், அதில் கொஞ்சம் கொறித்து அளவு பிடித்துக்கொள்கிறாள். அடுத்து ஒரு சின்ன வீட்டைக் கண்டதும் தயங்காமல் 9 அங்குலத்துக்கு இறங்குகிறாள்.

கவுன் விஷயத்தைத் தீர்க்க, புத்தகத்துக்கு ஜான் டெனியல் வரைந்த படத்தைப் புரட்டினோம். கழுத்து ஒட்டகச்சிவிங்கி மாதிரி நீண்டிருக்கிறது, கவுன் பொருத்தமாகத்தான் இருக்கிறது. மகள் படத்தை உற்றுப் பார்த்தாள்.

"சரி, ஷூ?"