வெல்னஸ்: ‘நலம்’ போதாது, ‘நலவாழ்வு’ வேண்டும்

போன வாரம் பக்கத்து வீட்டு அக்கா கையில் ஒரு தாளோடு வந்தார். மகன் படிக்கும் பள்ளியிலிருந்து வந்த அறிவிப்பு, தமிழிலேயே. அமெரிக்காவில் தமிழில் ஒரு தாள் வந்து சேர்வதே பெரிய விஷயம். ‘மாணவர் நல நிதி பெறப்பட்டுள்ளது’ என்று முதல் வரி. “தம்பி, நம்ம பையனுக்கு எவ்வளவு வரும்? எந்த ஃபாரம் நிரப்பணும்?” என்றார்.

பையனுக்கு ஒரு காசும் வராது. பள்ளியில் என்ன தின்பண்டம் விற்கலாம், பிள்ளைகள் எவ்வளவு நேரம் ஓடியாட வேண்டும் என்றெல்லாம் கொள்கை எழுதுவதற்காக நிர்வாகத்துக்கு வந்த பணம் அது. ‘ஸ்டூடன்ட் வெல்னஸ் பாலிசி’யை ‘மாணவர் நலம்’ ஆக்கியதால் வந்த குழப்பம். இதே மொழிபெயர்ப்பை நான் பார்ப்பது இது நாலாவது முறை.

வெல்னஸ் 17ஆம் நூற்றாண்டிலேயே ஆங்கிலத்தில் உண்டு, நோய்க்கு எதிர்ச்சொல்லாக. இன்றைய பொருளை 1950களின் கடைசியில் கொடுத்தவர் ஹால்பர்ட் டன் என்ற அமெரிக்க மருத்துவர். நோயில்லாமல் இருப்பது வேறு, உடலும் மனமும் முழுத் திறனோடு இயங்கும்படி வாழ்வது வேறு என்றார் அவர்.

‘நலம்’ நல்ல சொல்தான். ஆனால் அரசுத் தமிழில் அது எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று பாருங்கள்: ஆதிதிராவிடர் நலத்துறை, தொழிலாளர் நல வாரியம். எல்லாம் ‘வெல்ஃபேர்’. இதில் பழகிய காதுக்கு ‘மாணவர் நலம்’ என்றாலே உதவித்தொகை, விடுதி, விலையில்லா சைக்கிள். பக்கத்தில் ‘நிதி’யும் சேர்ந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். நன்றாகத் தமிழ் தெரிந்ததால்தான் அக்கா அப்படிப் படித்தார்.

சரி, ‘ஆரோக்கியம்’ என்று போடலாமே என்பார்கள். வடசொல் என்பது எனக்கு ஒரு குறைதான், மறைக்கவில்லை. அதைவிடப் பெரிய குறை அதன் பொருள். ரோகம் இல்லாத நிலைதான் ஆரோக்கியம். டன் எந்த எல்லையைத் தாண்டச் சொன்னாரோ, அந்த எல்லையிலேயே இந்தச் சொல் நின்றுவிடுகிறது. அந்தப் பொருள்தான் வேண்டுமென்றால் 738ஆம் குறளில் வள்ளுவர் ‘பிணியின்மை’ என்றே சொல்லிவிட்டார்.

அந்தக் கொள்கைக்குள் என்ன இருக்கிறது என்று ஒருமுறை படித்துப் பார்த்தால் இந்தச் சந்தேகமே வராது. அமெரிக்க மத்திய அரசின் பள்ளி மதிய உணவுத் திட்டத்தில் சேர்ந்த ஒவ்வொரு பள்ளி நிர்வாகமும் 2006க்குள் இப்படி ஒரு கொள்கையை எழுத வேண்டும் என்றது 2004ஆம் ஆண்டுச் சட்டம். 2010இல் வந்த சட்டம் அதை இறுக்கியது. மூன்றாண்டுக்கு ஒருமுறை மதிப்பிட வேண்டும், பெற்றோருக்கும் இடம் கொடுக்க வேண்டும். பள்ளி நேரத்தில் மாணவருக்கு விற்கும் நொறுக்குத்தீனி 200 கலோரியைத் தாண்டக் கூடாது. வகுப்பில் பிறந்தநாளுக்குக் கொடுக்கும் கேக்குக்கு என்ன விதி என்பதை அந்தந்த நிர்வாகமே எழுதிக்கொள்ள வேண்டும். இதில் நோய் எங்கே, உதவித்தொகை எங்கே? 2004 சட்டமே ஒதுக்கிய 40 லட்சம் டாலரும், கொள்கை வகுப்போருக்கு வழிகாட்டும் தொழில்நுட்ப உதவிக்குத்தான்.

பிள்ளைகள் அன்றாடம் வாழும் விதத்தைப் பற்றிய சொல் இது. அதனால் ‘நலவாழ்வு’. நலத்தோடு வாழும் வாழ்வு. தமிழ்நாட்டில் 2023இல் நகர்ப்புற நலவாழ்வு மையங்களைத் திறந்தபோதே இந்தச் சொல் தெருவுக்கு வந்துவிட்டது. ‘நல்வாழ்வு’ வேண்டாம், அது திருமண வாழ்த்தில் வருவது.

அப்புறம் இந்த மொழிபெயர்ப்பாளர்கள். ஆங்கிலத்தில் பெயர்ச்சொற்களை அடுக்கியிருந்தால் தமிழிலும் அப்படியே அடுக்கிவிடுகிறார்கள். தமிழுக்கு வினை வேண்டும். ‘மாணவர் நலவாழ்வுக் கொள்கை வகுக்க அரசு நிதி’ என்று எழுதிப் பாருங்கள். அந்த ‘வகுக்க’ ஒன்றே பணம் எதற்கு என்று சொல்லிவிடும். ‘ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட்’டை ‘பள்ளி மாவட்டம்’ ஆக்குவதும் அப்படித்தான். மாவட்டம் என்றால் நமக்கு கலெக்டர் நினைவுக்கு வருவார். இங்கே நம்ம மாவட்டம் மாதிரியான ஒரே கவுன்ட்டிக்குள் பல பள்ளி நிர்வாகங்கள் இருக்கும். ‘பள்ளி நிர்வாக வட்டம்’ என்றால் என்ன குறைந்துவிடும்?

அந்தத் தாளின் முதல் வரியை அடித்துவிட்டு, மேலே பேனாவால் என் வரியை எழுதிக் கொடுத்தேன். அக்கா ஒருமுறை படித்துவிட்டு நிமிர்ந்தார். “அப்போ அடுத்த மாசம் இவன் பிறந்தநாளுக்கு கிளாஸுக்குக் கேக் கொடுத்துவிடலாமா, கூடாதா?”